மேடையில் எந்த மேற்கோள்? குறள், பாரதி, காந்தி, கிரியோல் பழமொழி: ஓர் ஒப்பீடு

மொரீசியஸில் தமிழர் எழுந்து நின்று பேச வேண்டிய மேடைகளுக்கு ஆண்டு முழுவதும் குறைவில்லை. தையில் காவடி, சித்திரையில் வருஷப் பிறப்பு, மாலைப் பள்ளிகளின் பரிசளிப்பு, நவம்பர் 2ஆம் நாள் ஒப்பந்தத் தொழிலாளர் வருகை நினைவு, இடையிடையே கல்யாணமும் கருமாதியும். இவற்றில் ஏதேனும் ஒன்றில் ஐந்து நிமிடம் பேசுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டவர்கள் என்னிடம் கொண்டுவரும் குழப்பம் பெரும்பாலும் ஒன்றுதான். பேச வேண்டிய விஷயம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும், மேற்கோள்தான் அகப்படாது. குறள் சொன்னால் இளையவர்களுக்குப் புரியாது, காந்தியைச் சொன்னால் எல்லோரும் சொல்வதையே சொன்னதாகிவிடும், ஒன்றுமே சொல்லாமல் இறங்கினால் படிக்காதவர் பேச்சு என்பார்கள் என்ற மூன்று பக்க நெருக்கடியில் அவர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்காக, இங்குள்ள மேடைகளில் கைக்கெட்டும் தெரிவுகளை வரிசையாக எடைபோட்டுப் பார்க்கிறேன்.

எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல், காதில் விழுந்த கணத்திலேயே புரிகிறதா என்பது. நூலில் படிப்பவர் ஒரு வரியைத் திரும்பப் படிக்கலாம். மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. அதிலும் நம் மண்டபங்களில், தமிழ் நன்றாகத் தெரிந்த பாட்டியும், இத்தீவின் பொதுப் பேச்சுமொழியான கிரியோலிலேயே சிந்திக்கும் மகனும், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பாடம் படிக்கும் பேத்தியும், அழைப்பை மதித்து வந்திருக்கும் அண்டை வீட்டு இந்தி, தெலுங்கு, முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களும் ஒரே வரிசையில் இருப்பார்கள்.

இரண்டாவது, சொன்னவர் உண்மையிலேயே அதைச் சொன்னாரா என்பது. மூன்றாவது, நாம் எடுத்துக்கொண்ட வரிக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்பது. மேற்கோள்கள் காலை வாரிவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நான்காவது, அந்த மேற்கோள் பேச்சில் ஏதாவது வேலை செய்கிறதா என்பது. அதை எடுத்துவிட்டாலும் பேச்சு குறையாது என்றால் அது வெறும் தோரணம். கடைசியாக, விளக்கத்துக்கு ஆகும் நேரம். ஒரு குறளைச் சொல்லப் பத்து விநாடி போதும். அதற்குத் தமிழில் பொருள், பிறகு கிரியோலில் பொருள் என்று விரித்தால் ஒரு நிமிடம் போய்விடும். ஐந்து நிமிடப் பேச்சில் அது ஐந்தில் ஒரு பங்கு. பந்தலின் மறுபக்கம் வாழையிலை போட்டு ஏழு கறிச் சாப்பாடு காத்திருக்கும்போது, இந்தக் கணக்கைக் கேட்பவர்கள் நம்மைவிடத் துல்லியமாகப் போடுவார்கள்.

திருக்குறள்

தமிழ் மேடையில் முதலிடம் குறளுக்கே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஏழே சீர், எண்ணைச் சொன்னால் யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம், எந்தச் சமயத்தாரும் தங்களை ஒதுக்கிவிட்டதாக நினைக்க மாட்டார்கள். தமிழ் புரியாத பிள்ளைகூட வள்ளுவர் பெயரைக் கேட்டிருக்கும். ஆயினும் இந்தத் தெரிவில் மறைந்திருக்கும் செலவுகள் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் என்பதால், இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் செலவு உச்சரிப்பு. தமிழ் எழுத்து படிக்க வராதவர்கள் குறளை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படிப்பது இங்கே சாதாரணம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ரோமன் எழுத்து குறில் நெடிலைக் காட்டாது, பிரெஞ்சுப் பழக்கமோ சொல்லின் கடைசி அசையை அழுத்தச் சொல்லும். பரிசளிப்பு விழாக்களில் தவறாமல் ஒலிக்கும் 391ஆம் குறளை எடுத்துக்கொள்வோம்:

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக.

இதில் 'கசடற' என்பது கசடு அற, அதாவது குற்றம் நீங்க. கடைசி அசையை அழுத்தி நீட்டி 'கசடறா' என்று படித்தால் குற்றம் நீங்காத என்று பொருள் நேர் எதிராகத் திரும்பிவிடும். மாணவர்களைப் பிழையோடு படிக்கச் சொன்ன விருந்தினராக யாரும் இருக்க விரும்ப மாட்டார்கள். இதற்கு மருந்து எளிது: அட்டையில் சீர்களைப் பிரித்து எழுதி, நெடில் வரும் இடத்தில் மட்டும் மேலே கோடு போட்டு, தமிழாசிரியர் ஒருவரைச் சொல்லவைத்துக் கைப்பேசியில் பதிவு செய்து, இரண்டு மூன்று நாள் காரோட்டும்போது கேட்டால் போதும்.

இரண்டாவது செலவு, குறளின் மறுபாதி. இறந்தவரைப் புகழ்ந்து பேசும் இடத்தில் "தோன்றின் புகழொடு தோன்றுக" என்பது பொருத்தமாகவே தோன்றும். ஆனால் 236ஆம் குறள் அங்கே முடிவதில்லை. "அஃதிலார் தோன்றலின் தோன்றாமை நன்று" என்று தொடர்கிறது. வாழ்நாள் முழுவதும் கரும்பு வெட்டி, பெயர் வெளியே தெரியாமல் பிள்ளைகளை ஆளாக்கிவிட்டுப் போன ஒருவரின் வீட்டில், புகழில்லாதவர் பிறக்காமலிருப்பதே நல்லது என்ற வரியை முழுவதுமாகச் சொன்னால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. பாதியைச் சொல்லி நிறுத்தினாலும், குறள் தெரிந்த பெரியவர் மனத்தில் மறுபாதி தானாக ஓடும். அந்த இடத்துக்கு 336 மேலானது:

நெருநல் உளனொருவன் இன்றில்லை என்னும்
பெருமை உடைத்துஇவ் வுலகு.

நேற்று இருந்தவர் இன்றில்லை என்பதை எந்தத் துக்க வீட்டிலும் எவரும் மறுக்க முடியாது. 'நெருநல்' என்ற சொல் மட்டும் புரியாது. "நேற்று" என்று முதலில் சொல்லிவிட்டுக் குறளைத் தொடங்கினால் அதுவும் தீர்ந்தது.

கல்யாணங்களில் வேறொரு சிக்கல். 'வாழ்க்கைத் துணைநலம்' என்ற அதிகாரத் தலைப்பைப் பார்த்து அதிலிருந்து 51ஐயோ 55ஐயோ எடுப்பவர்கள், அவை மணமகளின் கடமையை மட்டும் பேசுபவை என்பதைக் கவனிப்பதில்லை. கணவனைத் தொழுது எழும் மனைவியைப் பற்றிய 55ஆம் குறளுக்கு உரையாசிரியர்கள் என்ன சமாதானம் சொன்னாலும், சால்வேர்த் எனப்படும் கல்யாணப் பந்தலில் உட்கார்ந்திருக்கும் மணமகளின் தோழியர் அந்த உரையைப் படித்திருக்கப் போவதில்லை. "அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது" என்ற 45ஆம் குறள் இருவரையும் சேர்த்துப் பேசுகிறது. அன்பு, அறம், பண்பு, பயன் என்ற நான்கு சொற்களும் இன்றும் வழக்கில் இருப்பவை. இதே காரணத்தால்தான், மாணவிகள் வரிசையாகப் பரிசு வாங்கும் மேடையில் "தன்மகனைச் சான்றோன் எனக்கேட்ட தாய்" என்ற 69ஆம் குறளைச் சொல்வதற்கு முன் ஒரு முறை யோசிக்கச் சொல்வேன்.

"அகர முதல" என்று தொடங்கும் முதல் குறளை வணக்கப் பாட்டாகவே எல்லோரும் கேட்டுப் பழகிவிட்டார்கள். அது மேற்கோளாக இனி வேலை செய்யாது.

சங்கப் பாடலும் பாரதியும்

அயலகத் தமிழ் மேடைகளில் "யாதும் ஊரே யாவரும் கேளிர்" ஒலிக்காத விழாவே இல்லை எனலாம். கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று 192ஆம் பாட்டின் முதல் அடி அது. பழகிப்போன அடிதான் என்றாலும், எல்லாச் சமூகத்தாரும் கூடியிருக்கும் இடத்தில் அதன் பொருளைக் கிரியோலில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம் என்பது பெரிய வசதி. என்னைக் கேட்டால், அந்தப் பாட்டில் நமக்கென்றே எழுதியதுபோல் இருக்கும் பகுதி இன்னும் கீழே இருக்கிறது: கல்லில் மோதி ஒலிக்கும் பேராற்றின் "நீர்வழிப் படூஉம் புணைபோல்" உயிர் முறைவழிப் போகிறது என்ற உவமை. புணை என்றால் தெப்பம். கப்பலில் ஏறிய நாளிலிருந்து தம் கையில் எதுவும் இல்லாமல் போனவர்களின் பேரப்பிள்ளைகள், போர்ட் லூயி துறைமுகத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய 'ஆப்ரவாசி காட்' தலத்தின் படிகளுக்கு முன் நவம்பர் 2ஆம் நாள் கூடும்போது, முதலடியைவிட இந்தத் தெப்பம்தான் நெஞ்சைத் தொடும்.

ஆனால் இங்கேயும் மறுபக்கம் உண்டு. 'முறை' என்பதை ஊழ் என்றே உரைகள் கொள்கின்றன. தோட்டத்தில் பட்ட துன்பமெல்லாம் விதி என்று பேச்சாளர் சொல்வதாகக் கேட்பவர் எடுத்துக்கொண்டால் அன்றைய நாளின் நோக்கமே கெட்டுவிடும். ஆகவே, "பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே" என்ற முடிவு வரை போவதற்கு நேரம் இருந்தால் மட்டுமே இந்தப் பாட்டைக் கீழ்ப்பகுதியிலிருந்து எடுக்க வேண்டும். நேரமில்லையென்றால் முதலடியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

பாரதியின் வரிகளுக்குக் குறளில் இல்லாத ஒரு பலம், அவை பேச்சுத் தமிழுக்கு நெருங்கியவை, பாடவும் முடிபவை. குரல் வளம் உள்ளவர் இரண்டு வரி பாடிவிட்டால் பொருள் சொல்லாமலே பாதி வேலை முடிந்துவிடும். கரும்புத் தோட்டத்தில் வாடிய பெண்களைப் பற்றிய அவருடைய பாட்டு நம் மேடைக்குப் பொருந்துவதில் வியப்பில்லை. ஆனால் அது பிஜித் தீவை நினைத்து எழுதப்பட்டது. "பிஜியைப் பற்றிப் பாரதி பாடியது நம் தோட்டங்களுக்கும் பொருந்தும்" என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் பேச்சாளரின் மதிப்பு கூடும். அதை விழுங்கிவிட்டு மொரீசியஸைப் பாடியதாகக் காட்டினால், தெரிந்தவர் ஒருவர் தேநீர் நேரத்தில் வந்து திருத்துவார்.

"யாமறிந்த மொழிகளிலே தமிழ்மொழிபோல் இனிதாவது எங்கும் காணோம்" என்ற வரிக்கும் இடமறிதல் தேவை. தமிழ்ச் சங்கத்து உள்கூட்டத்தில் அது கைத்தட்டல் வாங்கும். பக்கத்து நாற்காலியில் தெலுங்கரும் மராத்தியரும் விருந்தினராக அமர்ந்திருக்கும் மேடையில் வேறு மாதிரி ஒலிக்கும். ரூபாய் நோட்டில் தமிழ் முன்னா இந்தி முன்னா என்பதே 1998இல் நாடு முழுவதும் பெரிய விவகாரமாகி, அச்சிட்ட நோட்டுகளைத் திரும்பப் பெறும் அளவுக்குப் போன தீவு இது.

ஔவையாரின் "திரைகடல் ஓடியும் திரவியம் தேடு" கடல் கடந்தவர்களுக்குப் பொருந்தும் வரியாகத் தோன்றி ஏமாற்றும். வணிகர் சங்கத்து விழாவில் தாராளமாகச் சொல்லலாம். ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து வந்தவர்களைத் திரவியம் தேடி வந்தவர்களாகச் சித்திரிப்பது மட்டும் வேண்டாம்.

உலகத் தலைவர்களும் பிற நாட்டு அறிஞர்களும்

கேட்டவுடன் புரிவதில் இந்தத் தெரிவை மிஞ்ச முடியாது. பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ அப்படியே சொல்லலாம். மொழிபெயர்ப்பு நேரம் மிச்சம். எல்லாச் சமூகத்தாரும் பெயரை அறிவார்கள். காந்தி 1901இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்தியா போகும் வழியில் இந்தத் தீவில் தங்கியவர் என்பதால் அவர் சொல்லுக்கு இங்கே கூடுதல் உரிமையும் உண்டு.

ஆனால் இரண்டாவது அளவுகோலில் இந்தத் தெரிவு படுதோல்வி அடைகிறது. உலகத்தில் காண விரும்பும் மாற்றமாக நீயே இரு என்று காந்தி சொன்னதாகச் சுவரொட்டிகளில் எல்லாம் இருக்கும் வாசகம் அவருடைய எழுத்துகளில் அந்த வடிவத்தில் இல்லை. 1913இல் அவர் எழுதியது, நம்மை நாம் மாற்றிக்கொள்ள முடிந்தால் உலகின் போக்கும் மாறும் என்ற பொருளில் அமைந்த, இதைவிட நிதானமான ஒரு வாக்கியம். நம்முடைய ஆழ்ந்த அச்சம் நாம் போதாதவர்கள் என்பதல்ல என்று தொடங்கும் பகுதியை, 1994 மே மாதம் பதவியேற்றபோது மண்டேலா பேசியதாகப் பள்ளி விழாக்களில் வாசிக்கிறார்கள். அந்த உரையில் அது இல்லை. அது அமெரிக்க எழுத்தாளர் மேரியன் வில்லியம்சன் 1992இல் வெளியிட்ட நூலில் உள்ளது.

நம் தீவுக்கே சொந்தமான எடுத்துக்காட்டு ஒன்றும் இருக்கிறது. கடவுள் முதலில் மொரீசியஸைப் படைத்து, பிறகு அதைப் பார்த்துச் சொர்க்கத்தைப் படைத்தார் என்று மார்க் ட்வைன் சொன்னதாகச் சுற்றுலா விளம்பரத்திலிருந்து அமைச்சர் உரை வரை எங்கும் கேட்கலாம். 1896இல் இங்கே வந்த ட்வைன், மறு ஆண்டு வெளியான பயண நூலில் அதைத் தம் கருத்தாக எழுதவில்லை. ஊர்க்காரர் ஒருவர் அப்படிச் சொல்கிறார் என்கிறார். உடனே, இன்னொருவர் அது மிகை என்று சொல்வதாகவும், போர்ட் லூயியில் கட்டாயம் இல்லாமல் யாரும் குடியிருப்பதில்லை, கியூர்பீப்தான் உலகிலேயே அதிகம் மழை பெய்யும் இடம் என்று அவர் கூறுவதாகவும் தொடர்கிறார். கியூர்பீப்பில் நடக்கும் விழாவாக இருந்தால் இந்த முழுப் பகுதியையும் சொல்லிப் பாருங்கள். வெட்டிய பாதி தராத சிரிப்பை முழுமை தரும். பேச்சாளர் மூலத்தைப் படித்தவர் என்பதும் தானாகவே விளங்கும்.

ஆகவே இந்தத் தெரிவை எடுப்பவர்களுக்கு என் நிபந்தனை ஒன்றுதான்: எந்த ஆண்டு, எந்த உரை அல்லது நூல் என்று சொல்ல முடியாத வாசகத்தை, படத்தோடு வாட்ஸ்அப்பில் வந்தது என்ற ஒரே ஆதாரத்தில் மேடையேற்ற வேண்டாம்.

கிரியோல் பழமொழியும் வீட்டுப் பெரியவர் சொல்லும்

படித்தவர்கள் ஒதுக்கிவைக்கும் தெரிவு இது. எனக்கு அதில் உடன்பாடில்லை. "ஸாக்கோ பா கெத் ஸோ லாக்கே" என்றால் மண்டபம் முழுவதும் புரியும், விளக்கம் வேண்டியதில்லை. குரங்கு தன் வாலைப் பார்ப்பதில்லை, கூட்டாளியின் வாலைத்தான் பார்க்கும் என்ற அந்தப் பழமொழியை, பிறர் பிள்ளையோடு தன் பிள்ளையை ஒப்பிடும் பெற்றோரைப் பற்றிப் பேசும் ஆசிரியர் பயன்படுத்தினால் நன்றாக எடுபடும். கோவில் நிர்வாகக் குழுவின் ஆண்டுக் கூட்டத்தில் சொன்னால், யாருடைய வால் என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சிரிப்புக்குரிய பழமொழிகளின் செலவு இதுதான். துக்க வீட்டில் வெய்யே எனப்படும் இரவுக் கண்விழிப்பின்போது நாற்காலிகளுக்கிடையே ஆயிரம் சொல்லலாம். எழுந்து நின்று பேசும்போது கூடாது.

பழமொழியைவிடவும் மேடையில் உயிர்ப்பானவை சிராந்தான் விடுகதைகள். "சிராந்தான்!" என்று கேட்டால் கூட்டமே "ஸாம்பெக்!" என்று பதில் கொடுக்கும். "தீலோ திபூத்?", அதாவது நிற்கும் தண்ணீர் எது என்றால், "கான்", கரும்பு, என்று சிறு பிள்ளையும் கத்தும். தோட்டத் தொழிலாளர் வரலாற்றைப் பேசப் போகும் ஒருவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. கேட்பவர்களே மேற்கோளை முடித்துவைக்கிறார்கள்.

வீட்டுப் பெரியவரின் சொல்லுக்கு மூலம் பற்றிய ஐயமே எழாது. ஆனால் அதைச் சொல்பவர்கள் அந்தச் சொல்லோடு நிற்காமல் பெரியவரின் வாழ்க்கை வரலாற்றுக்குள் போய்விடுகிறார்கள். ஒரு வாக்கியம், அவர் அதை எப்போது சொன்னார் என்பதற்கு ஒரு வாக்கியம்; அதற்கு மேல் போனால் அது மேற்கோள் இல்லை.

மேற்கோளே வேண்டாம் என்ற தெரிவு

நன்றியுரைக்கு மேற்கோள் தேவையில்லை. மூன்று நிமிடத்துக்குக் குறைந்த இரங்கலுக்கும், கணக்கு வழக்கில் மனத்தாங்கல் உள்ள கூட்டத்துக்கும் தேவையில்லை. பிந்தியதில் எந்தக் குறளைச் சொன்னாலும் அது யாரையோ குத்துவதாகத்தான் போய் முடியும். முன்னால் பேசியவர் உங்கள் குறளையே சொல்லிவிட்டாலும் அட்டையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே பார்வையில்

| தெரிவு | கேட்டவுடன் புரிதல் | மூல உறுதி | மறைந்த செலவு | ஏற்ற இடம் |
|---|---|---|---|---|
| குறள் | பொருள் சொன்னால்தான் | மிக உறுதி | உச்சரிப்புப் பயிற்சி, மறுபாதி | பரிசளிப்பு, கல்யாணம், கருமாதி |
| சங்கப் பாட்டு, பாரதி | ஓரளவு | உறுதி | சூழலை விளக்கும் நேரம் | நவம்பர் 2, வருஷப் பிறப்பு |
| உலகத் தலைவர்கள் | உடனே | பெரும்பாலும் ஐயம் | மூலத்தைத் தேடும் உழைப்பு | பல சமூகத்தார் கூடும் விழா |
| கிரியோல், வீட்டுச் சொல் | உடனே | கேள்வி எழாது | யாரையோ சுட்டுவதாகத் தோன்றல் | இளையோர் கூட்டம், பள்ளி |
| மேற்கோள் இல்லாமை | – | – | ஏதுமில்லை | நன்றியுரை, சிறு இரங்கல் |

இன்னும் முடிவு செய்ய முடியாதவர்கள் கூட்டத்தில் யார் அதிகம் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தமிழ் தெரிந்தவர்கள் பாதிக்கு மேல் இருந்தால் குறள். இல்லையென்றால், கிரியோலில் பொருளை முதலில் சொல்லி, "இதையே வள்ளுவர் ஏழு சொல்லில் சொல்கிறார்" என்று குறளைப் பின்னால் வைக்கலாம். பொருள் தெரிந்த பிறகு காதில் விழும் பழந்தமிழ் யாருக்கும் சுமையாக இருப்பதில்லை. தொடக்கத்திலேயே குறளை வீசிவிட்டு விளக்கத்துக்குத் திணறுவதைவிட இந்த வரிசை ஏறத்தாழ எல்லா மேடைகளிலும் நன்றாக அமைகிறது. இரண்டு மேற்கோள் சொல்ல ஆசைப்பட்டால், ஒன்றை வரவேற்புரை ஆற்றுபவருக்குக் கொடுத்துவிடுங்கள்.